காட்டில் விக்கா: கூடாரமா, குடிலா, போய்வருவதா?

விக்கா என்னும் நவீன சூனிய மதத்தின் வழிபாட்டில் இருப்பவர்களுக்குள் ஓர் ஆசை திரும்பத் திரும்பத் தலைகாட்டும். மின்விளக்கையும் கடிகாரத்தையும் விட்டொழித்து, மரங்களுக்கு நடுவே எளிமையாகக் குடியிருந்து, நிலவையும் பருவத்தையும் கண்ணால் பார்த்தே வழிபட வேண்டும் என்பது. ஆசையில் குறை இல்லை. முடிவெடுக்க உட்காரும்போது கேள்விதான் கோணலாகப் போகிறது. 'ஆதிமனிதர் மாதிரி எவ்வளவு தூரம் இறங்கலாம்?' என்று யோசிக்கிறார்கள். 'ஒரே இடத்தில் ஓர் ஆண்டு முழுக்கத் தாக்குப்பிடிப்பேனா?' என்று யோசிப்பவர்களே பெரும்பாலும் நிலைக்கிறார்கள்.

காரணம் விக்காவின் ஆண்டுச் சக்கரத்திலேயே இருக்கிறது. சவ்வின் (எழுத்தில் சம்ஹைன்), யூல், இம்போல்க், ஒஸ்டாரா, பெல்டேன், லிதா, லம்மாஸ், மேபன் என எட்டு விழாக்கள், ஏறத்தாழ ஆறரை வாரத்துக்கு ஒன்று. அதோடு 12 அல்லது 13 முழுநிலவு இரவுகள். ஒரு நிலத்தில் விதை, பூ, அறுவடை, உறைபனி எல்லாம் வந்துபோவதைக் கணக்கு வைக்கும் சக்கரம் இது. மாதம் ஒரு காடு என்று நகர்ந்துகொண்டே இருப்பவருக்கு இது வெறும் தேதிப் பட்டியல்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விக்கா காட்டுக்குள் பிறந்த மதம் இல்லை. மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஜெரால்டு கார்ட்னர், இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு இதை வெளியே கொண்டுவந்தார். லண்டனுக்கு வடக்கே பிரிக்கெட் வுட்டில், ஆடையில்லா வாழ்க்கைக்காரர்களின் மன்ற நிலத்தில் ஒரு பழைய மரக்குடிசையை நிறுத்தி, அதில்தான் அவருடைய குழு கூடியது. கூடும் நாளில் வந்தார்கள், முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள். ஆகவே 'காட்டிலேயே கிடந்தால்தான் உண்மையான விக்கா' என்ற பேச்சுக்கு மரபில் ஆதாரம் கிடையாது. கீழே ஒப்பிடும் மூன்று வழிகளில் மிகச் சோம்பேறித்தனமாகத் தெரிவதுதான் உண்மையில் மிகப் பழையது.

கூடாரம் அல்லது இலைக்குடில்

கையில் பணம் குறைவாகவும் மனதில் வேகம் அதிகமாகவும் இருப்பவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். ஒரு தார்ப்பாய், அல்லது கிளைகளைச் சாய்த்து அதன்மேல் சருகைக் குவித்த இலைக்குடில், வெளியே திறந்த அடுப்பு.

சருகுக் குடில் குளிரைத் தாங்க வேண்டுமென்றால் சருகு எல்லாப் பக்கமும் இரண்டு முதல் மூன்று அடி கனத்துக்கு நிற்க வேண்டும். முதல் வாரம் கதகதப்பாக இருக்கும். பிறகு சருகு ஈரத்தை இழுத்துக்கொண்டு அமுங்கிவிடும், மூன்றடி ஒன்றரை அடியாகும், எலி குடிவரும். வாரந்தோறும் மேலே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திறந்த தீயின் சூட்டில் பெரும்பகுதி வானத்துக்குத்தான் போகிறது, அதனால் விறகுச் செலவு பல மடங்கு. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். துணி, குளியல் என்று வந்தால் பதினைந்தைத் தாண்டும். அத்தனையும் தோளில். குடிநீரை ஒவ்வொரு முறையும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும், 2000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடம். கழிவுக்குழி ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில்.

இந்த வேலைகள் பகலை விழுங்கிவிடும். முழுநிலவு உச்சிக்கு வரும் நேரத்தில் நீங்கள் தூங்கிப் போயிருப்பீர்கள். கூடார வழியில் போனவர்கள் வழிபாட்டை விட்டுவிடுவது பக்தி குறைந்ததால் இல்லை, உடம்பில் சத்து மிச்சம் இல்லாததால். இதைத் தெரிந்துகொண்டே போகிறவர் சடங்கை ஐந்து நிமிடமாகச் சுருக்கிக்கொள்வார்: நான்கு திசையைப் பார்த்து நிற்பது, ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு வாய் உணவு, நன்றி. விக்காவில் அது போதும். போதாது என்று நினைக்கிறவருக்கு இந்த வழி ஒத்துவராது.

உயிர் போகும் தவறு ஒன்று இங்கே உண்டு. மழை பெய்கிறது என்று தூபக்கரியைக் கூடாரத்துக்குள் எடுத்துவந்து சாம்பிராணி போடுவது. கரித்துண்டு புகையே இல்லாமல் எரிவதுபோல் தெரியும்; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய சிறு இடத்தில் தலைவலி, தூக்கக் கலக்கம், பிறகு எழுந்திருக்கவே மாட்டோம். வாசலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்ற கணக்கும் தவறு. கூரைக்கடியில் கரித்தூபம் கூடவே கூடாது. மணம் வேண்டுமென்றால் காய்ந்த இலையைக் கையில் கசக்கி முகர்ந்தாலே காற்றுக்கான காணிக்கை ஆகிவிடும்.

நிலையான சிறு குடில்

பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஓர் இரும்பு விறகு அடுப்பு, பக்கத்தில் தண்ணீர், கொஞ்சம் தோட்டம். செலவும் உழைப்பும் ஆரம்பத்தில்தான் அதிகம், பிறகு பகலில் மிச்சம் கிடைக்கும். எளிய வாழ்வும் வழிபாடும் ஒன்றையொன்று நசுக்காமல் ஓடுவது பெரும்பாலும் இதில்தான்.

கட்டும்போது பலர் செய்யும் பிழை, வழிபாட்டு வட்டம் (சடங்கு செய்யத் தரையில் வரையும் வட்டம்) உள்ளேயே அமையும் என்று நம்புவது. மரபான வட்டத்தின் குறுக்களவு 9 அடி. மறைப்புத் தகடு இல்லாத இரும்பு அடுப்பு மரச்சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். அடுப்பின் அகலம் இரண்டடி என்று வையுங்கள். பன்னிரண்டடி நீளத்தில் ஐந்தடி அதற்கே போய்விட்டது. கட்டில் வேறு. மிஞ்சுவதில் 9 அடி வட்டம் எங்கே போடுவது? ஆகவே வட்டத்துக்கு வெளியே நிரந்தர இடம் ஒன்றைச் செதுக்கிவிட்டு, குடிலுக்குள் சுவரோரம் ஒரு பலகை மட்டும் பீடமாக வைப்பது நல்லது. கடுங்குளிர் இரவுகளில் கை நீட்டிய தூரமே வட்டம். ஒற்றை ஆள் வழிபாட்டுக்கு ஐந்தடி தாராளம்.

தோட்டம் இருப்பதால் சக்கரத்துக்கு அர்த்தம் வருகிறது. லம்மாஸ் முதல் தானியத்தின் விழா. கடை மாவில் ரொட்டி சுட்டு வைத்தாலும் விழாதான். சொந்தக் கோதுமையில் சுட்டால் அந்த நாளே வேறு. ஒரு ரொட்டிக்கு அரைக்கிலோ மாவு. நல்ல மண்ணில், தேர்ந்த கையில் ஒரு சதுர மீட்டர் அரைக்கிலோ தானியம் வரை தரும். முதல் ஆண்டுக்காரருக்கு அதில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். குருவிக்கும் பங்கு போகும். மூன்று சதுர மீட்டர் விதைத்தால் ஒரு ரொட்டி உறுதி. கதிரைத் துணிப்பையில் போட்டு அடித்து, காற்றில் தூற்றி, கல்லில் அரைப்பதற்கு ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். அந்த நாளையே விழாவின் பகுதியாக வைத்துக்கொண்டால் தனியாகச் சடங்கு தேட வேண்டியதில்லை.

நிலம் யாருடையது என்பதை முதலில் தீர்த்துவிட வேண்டும். பல நாடுகளில் அரசுக் காட்டில் தொடர்ந்து தங்க நாள் வரம்பு இருக்கிறது. தீ மூட்டத் தடைக்காலம் இருக்கிறது. உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் குடில் கட்டினால் இரண்டாம் ஆண்டு இருக்காது.

போய்வருவது

ஊரில் வீடு, காட்டில் ஓர் இடம். எட்டு விழா, பன்னிரண்டு அல்லது பதின்மூன்று நிலவு. ஆண்டுக்கு 20 அல்லது 21 இரவு. வீட்டு வாழ்க்கையை எளிமையாக்கிக்கொண்டே இதைச் செய்யலாம்.

இதன் பலம், ஒரே இடத்தை ஆண்டு முழுக்கப் பார்க்கிறோம் என்பது. பலவீனம், வானிலை பார்த்துப் போக ஆரம்பிப்பது. மழை என்றால் அடுத்த வாரம், குளிர் என்றால் அடுத்த நிலவு என்று தள்ளிப்போட்டால் அந்த இடத்தின் நல்ல முகம் மட்டுமே தெரியும். இடியும் புயலும் தவிர மற்ற எல்லா நாளும் போவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். தங்க முடியாவிட்டால் அரைமணி நேரம் நின்றுவிட்டாவது வர வேண்டும். வெளிச்சம் இரண்டு மணி நேரம் மிச்சமிருக்கும்போதே இடத்துக்குப் போய்ச் சேர்வது இன்னொரு விதி. முறிந்து தொங்கும் கிளை, குளவிக்கூடு, புதிதாக விழுந்த மரம் எதுவும் இருட்டில் தெரியாது.

பையில் போக வேண்டியவை: ஒன்றரை லிட்டர் தண்ணீர், கம்பளி மேலங்கி, நெற்றிவிளக்கு, நான்கரை அடிக் கயிறு, ஒரு கண்ணாடிக் கூண்டு விளக்கு, சிறு கிண்ணம், உணவு, தீ அணைக்கத் தனியாக ஐந்து லிட்டர் கேன். கடைசியில் சொன்னதைச் சுமக்க மனம் வராதவர்கள் தீ மூட்டாமல் இருந்துவிடலாம்.

வட்டம்: எதைக்கொண்டு வரைவது

நான்கரை அடிக் கயிறு எதற்கென்றால், நடுவில் முளை அடித்து அதில் கட்டிச் சுற்றிவந்தால் 9 அடி வட்டம் கிடைக்கும். காட்டுத் தரையில் வேர் இடறும். முதல் முறை போகும்போதே பகலில் வட்டத்தை நடந்து பார்த்து, கண்ணைக் குத்தும் உயரத்தில் இருக்கும் சுள்ளிகளை மட்டும் ஒடித்துவிடுங்கள்.

உள்ளறையில் பழகியவர்கள் உப்பால் வட்டம் போடுவார்கள். மண்ணில் அதைச் செய்யாதீர்கள். உப்பு மண்ணிலிருந்து செடி தண்ணீர் உறிஞ்சுவதைத் தடுக்கும். அதே இடத்தில் நிலவுதோறும் போட்டால் ஓர் ஆண்டில் அங்கே புல் கருகி மொட்டை வளையம் விழும். ஒரு கிண்ணத் தண்ணீரில் விரல்நுனி உப்பு போட்டுத் தெளிப்பது வேறு, அதனால் கெடுதல் இல்லை. சாம்பலும் அளவோடுதான், அது மண்ணைக் காரமாக்கும். சிறந்தது கல். வடக்கில் ஒன்று, மற்றத் திசைகளில் ஒவ்வொன்று; நான்கு கல் போதும். நான்கு மூலைக்கு நான்கு மெழுகுவத்தி என்பது வெட்டவெளியில் நடக்காத காரியம். ஒன்றை ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது அணைந்திருக்கும், சடங்கு முழுக்கத் தீக்குச்சி உரசிக்கொண்டே போகும்.

நடுவில் தீ மூட்டுவதாக இருந்தால் 9 அடி பற்றாது. தீ ஓரடி அகலம் என்றாலும் உங்களுக்கும் அதற்கும் நான்கடிகூட இருக்காது. நீளக் கை அங்கி அணிந்து குனிகிறவருக்கு அது ஆபத்து. 12 அடிக்குக் குறையாமல் போடுங்கள். கம்பளி எளிதில் பற்றாது. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ஆடையில்லாமல் வழிபடுவது கார்ட்னர் மரபில் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கதவடைத்த அறையில் நடந்தது. உயர்ந்த புல்லில் உண்ணியும், ஈரக் காற்றில் உடல்சூடு இறங்குவதும் மரபு பார்ப்பதில்லை.

தீக்கு அடியில் உள்ள சருகையும் மக்கையும் கனிம மண் தெரியும்வரை வழித்துவிட வேண்டும். இலைமக்கு தடித்த இடத்தில் தீ கீழே இறங்கி வேரைப் பிடித்துக்கொண்டு, மேலே அணைந்தது போலத் தோற்றம் காட்டிவிட்டு நாள்கணக்கில் புகைந்து, பத்தடி தள்ளி மேலே வரும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு மேல் நீட்டிப் பார்த்து, பிறகு தொட்டும் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் முடியவில்லை.

கருவிகள்: வாங்குவதா, செய்வதா, விடுவதா

முழுத்தொகுதி என்றால் ஆத்தமே என்னும் கருப்புப்பிடிக் கத்தி, போலின் என்னும் வெள்ளைப்பிடிக் கத்தி, மந்திரக்கோல், கிண்ணம், ஐந்துமுனை நட்சத்திரம் பொறித்த பென்டக்கிள் தட்டு, தூபக்கால், கொப்பரை, கயிறு. கார்ட்னருக்குக் கத்தி என்றால் தனி ஈடுபாடு; மலாய் கிரிஸ் கத்திகளை ஆராய்ந்தவர். வழிபாட்டில் கத்திக்கு இவ்வளவு இடம் இருப்பதில் அந்த ஈடுபாட்டுக்கும் பங்கிருக்கலாம்.

மரபுப்படி ஆத்தமே எதையும் வெட்டாது. வட்டம் வரைய, நீட்டிக் காட்ட மட்டும். காட்டில் வெட்டாத கத்தியைச் சுமப்பது வீண். அதோடு இருபுறமும் கூரான கத்தியை எடுத்துச் செல்லப் பல நாடுகளில் தடை இருக்கிறது. காலை மீன் அறுத்த கத்தியையே இரவில் ஆத்தமேயாக நீட்டுவதையும் பலர் மனம் ஒப்பாது. எளிய தீர்வு: நாலங்குல அலகு கொண்ட ஒரு நல்ல வேலைக்கத்தி, அதுவே போலின், ஆத்தமேயின் வேலையை மந்திரக்கோலுக்குக் கொடுத்துவிடுவது.

கோலை நீங்களே செய்யலாம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளம், கட்டைவிரல் பருமன். விழுந்துகிடக்கும் கிளை உளுத்திருக்கும், பச்சையாக வெட்டியது வெடிக்கும். வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட வேகமாகக் காய்ந்து சுருங்குவதால் நீளவாக்கில் பிளக்கிறது. ஈரம் முனைகள் வழியாகத்தான் மிக வேகமாக வெளியேறும். ஆகவே வெட்டியவுடன் இரு முனைகளையும் உருக்கிய தேன்மெழுகில் தோய்த்து, பட்டையோடு நிழலில் மூன்று நான்கு மாதம் தொங்கவிடுங்கள். தேவையைவிட மூன்றங்குலம் கூடுதலாக வெட்டினால் முனை வெடித்தாலும் அறுத்துவிடலாம். ஹேசல், வில்லோ நல்ல மரங்கள். யூ மரத்துக்கு மரபில் பெரிய மதிப்பு, ஆனால் அதன் இலை, விதை, கட்டை எல்லாமே நஞ்சு. செதுக்கும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. தெரியாத மரத்தைத் தொடாமல் விடுவதே மேல்.

கிண்ணம் மண்ணில் செய்யப் பலருக்கு ஆசை. களிமண்ணில் நான்கில் ஒரு பங்கு மணலோ இடித்த பழைய ஓட்டுத்தூளோ கலந்து, குறைந்தது ஒரு வாரம் நிழலில் காயவைத்து, தீயோரம் மெல்லச் சூடாக்கியபின் சுட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிய ஈரம் 100 டிகிரியில் நீராவியாகிப் பட்டென்று வெடித்துவிடும். குழியில் சுட்ட பாத்திரம் கசியும். ஒயின் ஊற்றினால் நாற்றம் ஊறிவிடும். மரக்கிண்ணத்துக்குத் தேன்மெழுகு பூசிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. சூடாக எதையும் அதில் ஊற்றாமல் இருந்தால் சரி.

பென்டக்கிள் தட்டை மெழுகில் செய்யும் வழக்கம் இருக்கிறது; சூனியம் தேடி வீட்டைச் சோதனையிட வந்தால் தீயில் போட்டு அழித்துவிடலாம் என்று காரணம் சொல்வார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே வளையும். கோடை வெயிலில் கூடாரத்தில் வைத்தால் மாலையில் தட்டு இருக்காது, திட்டுதான் இருக்கும். தட்டைக் கல்லில் கரியால் கீறினால் போதும். கொப்பரையை வாங்குவதென்றால் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். வார்ப்பிரும்பு சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும், தினம் எண்ணெய் கண்டால் நூறாண்டு வரும்.

சடங்குக் குறிப்பேட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேனா மை ஈரத்தில் ஓடும், பென்சில் ஓடாது. நோட்டை மெழுகுத்துணியில் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள். பூஞ்சை தரையிலிருந்துதான் ஏறும். அதில் மந்திரத்தைவிட முக்கியமாக எழுத வேண்டியது, அன்று என்ன பூத்திருந்தது, ஓடையில் தண்ணீர் எந்தக் கல்வரை நின்றது என்பது.

மூலிகை பற்றிச் சுருக்கமாக: பெல்லடோனா, ஹென்பேன், மங்க்ஸ்ஹுட், ஃபாக்ஸ்கிளவ் நான்கும் சூனியக் கதைகளில் வருபவை, நான்கும் கொல்லக்கூடியவை. சூனியக்காரர்கள் பறப்பதற்குப் பூசிக்கொண்டதாகச் சொல்லும் 'பறக்கும் களிம்பு' செய்முறைகளைச் சோதித்துப் பார்க்காதீர்கள். மக்வொர்ட் தூபத்தையும் கஷாயத்தையும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பென்னிராயல் எண்ணெய் கல்லீரலைக் கெடுக்கும். மருத்துவமனை எட்டாத் தொலைவில் வாழ்பவருக்கு, ஐயமற அடையாளம் தெரிந்த நான்கைந்து செடியே போதுமான மூலிகைத் தோட்டம்.

நாள் பார்ப்பது

மூன்று முறைகள் உண்டு: அச்சிட்ட தேதி, வானம், நிலத்தின் அறிகுறி. காட்டுவாசிக்கு வானம்தான் கைகொடுக்கும், அதற்கு ஒரு குச்சி போதும்.

மட்டமான தரையில் மூன்றடிக் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். முற்பகலிலிருந்து பிற்பகல்வரை அரைமணிக்கு ஒருமுறை நிழல் நுனியில் ஒரு கூழாங்கல் வையுங்கள். மிகக் குட்டையான நிழல் விழும் கோடே வடக்கு–தெற்கு. காந்த ஊசி காட்டும் வடக்கு இதிலிருந்து சற்று விலகியிருக்கும். வட்டத்தின் நான்கு கல்லை நிழலை வைத்தே நடலாம். கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் நிலம். தென்கோளத்தில் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றிவிடுகிறார்கள், அங்கே உச்சிவெயில் அந்தப் பக்கம் என்பதால்.

அந்தக் கூழாங்கற்கள் பெரும்பாலான நாட்களில் வளைந்த கோடாகத்தான் நிற்கும். பகலும் இரவும் சமமாக இருக்கும் சமஇரவு நாளில் மட்டும் நேர்க்கோடாகிவிடும். துருவங்களைத் தவிர உலகின் எந்த மூலையிலும் இது செல்லும். ஒஸ்டாராவும் மேபனும் ஒரு நாள் பிசகில் கிடைத்துவிடும், ஏனென்றால் அந்த நாட்களில் சூரியனின் சாய்வு நாளுக்கு 0.4 பாகை நகர்கிறது. யூலையும் லிதாவையும் இப்படிப் பிடிக்க முடியாது. பகல் மிக நீளும் அல்லது மிகக் குறுகும் உச்சநாளுக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் சேர்ந்தாலும் சாய்வு பத்தில் ஒரு பாகைகூட மாறாது. குச்சி நிழலில் அது தெரியாது. அதனால் சமஇரவிலிருந்து எண்ணுங்கள். செப்டம்பர் சமஇரவிலிருந்து டிசம்பர் உச்சம் ஏறத்தாழ 90 நாள், அங்கிருந்து மார்ச் சமஇரவு 89, பிறகு ஜூன் உச்சம் 93, மறுபடி செப்டம்பர் 94.

இடையில் வரும் நான்கு விழாக்களுக்கு இவற்றின் நடுநாளை எடுப்பவர்கள் உண்டு. அப்படி எடுத்தால் சவ்வின் அக்டோபர் 31க்குப் பதில் நவம்பர் முதல் வாரக் கடைசிக்குப் போகும். வேறிடத்தில் இருக்கும் குழுவோடு ஒரே இரவில் வழிபட விரும்புபவர் அச்சிட்ட தேதியையே வைத்துக்கொள்ளட்டும். தனியாள் எதையும் எடுக்கலாம். இதில் புனிதத் தொன்மை எதுவும் மீறப்படாது: சூரிய நாட்கள் நான்கும் மற்ற நான்கோடு சமமாக வைக்கப்பட்டதே 1958இல், பிரிக்கெட் வுட் குழுவில். மேபன் என்ற பெயரை அமெரிக்க விக்கா எழுத்தாளர் எய்டன் கெல்லி சூட்டியது 1970களில்.

தென்கோளத்தில் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி, யூலை ஜூனில் வைப்பது இயல்பு. வெப்பமண்டலத்தில் நான்கு பருவம் என்பதே இல்லை, மழையும் வறட்சியும்தான். அங்கே இம்போல்கில் பனி உருகுவதாகப் பாடுவது பொய்யாகிவிடும். சமஇரவுகளை நிழலால் வைத்துக்கொண்டு, மற்றவற்றை முதல் மழை, ஓடை வற்றுதல், முதல் கனி என்று இடத்துக்கு ஏற்ப நடுங்கள்.

நிலவுக்குத் தடிக்கணக்கு. ஒரு நிலவு 29.53 நாள். 29, 30 என்று மாற்றி மாற்றிக் கீறல் போட்டால் பன்னிரண்டு நிலவில் 354 நாள் வரும், உண்மையில் 354.37. மூன்று ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். மேகம் விலகும்போது, சூரியன் மறையும் நேரத்தில் எதிர்ப்பக்கம் நிலா எழுகிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

தனியாகவா, குழுவாகவா

இதில் தெரிவு குறைவு. கார்ட்னரிய மரபிலும் அதிலிருந்து கிளைத்த அலெக்சாந்திரிய மரபிலும் தீட்சை வேண்டுமென்றால் ஏற்கெனவே தீட்சை பெற்ற ஒருவர் கையால்தான். மூன்று படிகள், படிகளுக்கு நடுவே ஓராண்டும் ஒரு நாளும் என்பது பரவலான வழக்கம். தொலைகாட்டில் இருந்துகொண்டு அது நடக்காது. மரபுவழித் தீட்சை விரும்புபவர் போய்வரும் வழியை எடுத்துத் தீட்சை முடித்துக்கொண்டு பிறகு குடிலைப் பற்றி யோசிக்கலாம். சுயதீட்சையை ரேமண்ட் பக்லண்ட் 1970களில் தொடங்கிய சீக்ஸ்-விக்கா மரபு ஏற்கிறது. தனிவழியாளர்கள் இன்று ஏராளம். காட்டில் தனியாக இருக்கும் எவரும், திரும்பும் நாளையும் இடத்தையும் ஒருவரிடமாவது சொல்லிவைக்க வேண்டும். அது தீட்சை எல்லாவற்றுக்கும் முந்தியது.

காணிக்கையாக விடுவதும் விடக் கூடாததும்

கூடாரத்துக்காரருக்கு இது உயிர்ப்பிரச்சினை. அப்பமும் பழமும் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் வருவது தேவதை இல்லை. எலி, பன்றி, சில இடங்களில் கரடி. நூறு மீட்டருக்கு அப்பால் வையுங்கள், அல்லது ஒரு பிடி மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டுவிடுங்கள். ஒயினை மண்ணில் ஊற்றலாம். தேனைத் திறந்து வைக்கக் கூடாது: வெளியிலிருந்து வந்த தேனில் ஃபவுல்புரூட் என்னும் புழுநோயின் வித்துகள் இருக்கலாம், நக்கிப் போகும் தேனீக்கள் கூட்டையே இழந்துவிடும்.

வேண்டுதல் நாடாவை மரத்தில் கட்டுவது அழகாகத்தான் இருக்கும். நைலான் மக்காது, கிளை பருத்துக்கொண்டே போக, நாடா பட்டையை நெரித்து அதன்மேல் உள்ள பகுதியைக் கொன்றுவிடும். பருத்திநூலைத் தளர்வாகக் கட்டினால் ஒரு மழைக்காலத்தில் அதுவே இற்று விழும்.

எதை எடுப்பது

பழகாதவருக்கு எங்கள் தேர்வு போய்வருவதுதான், முழுதாகப் பதின்மூன்று நிலவுகள். குறிப்பேட்டில் போக முடியாத இரவுகளையும் காரணத்தோடு எழுதுங்கள். நான்குக்கு மேல் தவறி, காரணம் தூரம் என்றால் இடத்தை அருகில் மாற்றுங்கள். காரணம் குளிர், ஈரம், அலுப்பு என்றால் கூடாரத்தை மறந்துவிட்டுக் குடிலுக்குச் சேமியுங்கள். ஒன்றிரண்டுதான் தவறியது, விடிந்ததும் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்பவர் கூடாரத்தில் ஒரு பருவம் இருந்து பார்க்கலாம். அதை வசந்தத்தில் தொடங்குவதுதான் எளிது. விறகை மட்டும் அன்றிலிருந்தே அடுக்க ஆரம்பித்துவிட வேண்டும், இலையுதிரில் வெட்டிய பச்சை விறகு யூலுக்கு எரியாது.